முப்பத்துமூன்றில் நின்ற கோடு

1. இருபத்தேழு டிகிரி

இந்த வேலைக்கு வந்த முதல் நாள், என் திரையில் ஒரு வீடு சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. பக்கத்தில் 27 என்று எண். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். இருபத்தேழு டிகிரி செல்சியஸ்தான். மைசூரில் அது ஜன்னலைத் திறந்துவைத்து நிம்மதியாகத் தூங்கும் வெப்பநிலை. இதற்கா சிவப்பு என்று பக்கத்து சீட்டைப் பார்த்துச் சிரித்தேன். பக்கத்து சீட்டும் சிரித்தது. அன்று சிரித்தவர்களில் நான்தான் மூத்தவள். அதனால் அந்தச் சிரிப்புக்கு நான்தான் பொறுப்பு.

புதிதாக டெஸ்க்கில் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் ஒரு பழைய நகரம். பெயர் வேண்டாம். குளிரைத் தாங்குவதற்காகக் கட்டிய ஊர். கனமான கல் சுவர், சின்ன ஜன்னல், மின்விசிறி மாட்டக் கொக்கிகூட இல்லாத கூரை. பருவநிலை மாறி, அங்கேயும் கோடை ஆண்டுக்காண்டு கடுமையாகிவிட்டது. தனியாக வாழும் முதியவர்கள் மேல்மாடி வீடுகளில் வெந்துபோகிறார்கள் என்பதால், அந்த நகராட்சி ஒவ்வொருவர் வீட்டிலும் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சாரை மாட்டியது. கால் மணிக்கு ஒரு தடவை அது வீட்டின் வெப்பநிலையை அனுப்பும். எல்லையைத் தாண்டினால் அலர்ட் வரும். அது மெய்யான அலர்ட்டா, கருவிக் கோளாறா என்று பார்த்துச் சொல்வது மைசூரில் உட்கார்ந்திருக்கும் நாங்கள். மெய் என்று நாங்கள் சொன்னால், அந்த ஊர் ஃபீல்டு டீமில் யாராவது போய்க் கதவைத் தட்டுவார்கள். தண்ணீர் கொடுப்பார்கள், நாடி பார்ப்பார்கள், தேவைப்பட்டால் நூலகத்தில் திறந்து வைத்திருக்கும் குளிர் அறைக்கு அழைத்துப் போவார்கள்.

இதை ஏன் மைசூரிலிருந்து செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். அங்கே ஆள் கிடைக்கவில்லை, இங்கே ஆள் மலிவு. வேறு ரகசியம் ஒன்றுமில்லை.

என் பெயர் ஈஸ்வரி. ஹனூர் பக்கம் சொந்த ஊர். இதற்கு முன் நஞ்சன்கூட்டில் ஓர் உணவுத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் கோல்டு ரூம் பேனல், அதாவது குளிர்பதன அறையின் வெப்பநிலைக் கருவிகளை, பார்த்துக்கொண்டேன். அந்த அனுபவத்தை நம்பித்தான் என்னை இங்கே ஷிப்ட் லீடாக எடுத்தார்கள். அந்த அனுபவம்தான் என்னைக் கவிழ்த்தது.

2. நான் எழுதிய விதி

முதல் கோடையில் பொய் அலர்ட்டுகள் கொட்டின. ஒரு பாட்டி பெட்டியை அடுப்புக்கு மேலே மாட்டியிருப்பார். இன்னொருவர் வெயில் படும் ஜன்னல் விளிம்பில் வைத்திருப்பார். ஃபீல்டு டீமில் மொத்தம் ஆறே பேர். அதன் தலைமை நர்ஸ் அன்னா. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஐந்து மாடி ஏறிப் போனால் பெட்டி ரொட்டி சுடும் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று வாரக் கூட்டத்தில் ஒருநாள் மிகவும் அலுத்துக்கொண்டார். அவர் கேட்டது நியாயமான உதவி. நானும் நல்ல எண்ணத்தோடுதான் இறங்கினேன்.

பழைய அலர்ட்டுகளை எடுத்துவைத்து உட்கார்ந்தேன். சில வீடுகளின் கோடு ஏறி இறங்காமல் நாள் முழுக்க ஒரே மட்டத்தில் இருந்தது. பகலிலும் முப்பத்திரண்டு, விடியற்காலையிலும் முப்பத்திரண்டு. கோல்டு ரூமில் முள் இப்படி அசையாமல் நின்றால் சென்சார் செத்துவிட்டது என்று அர்த்தம். கதவைத் திறந்து மூடும் இடத்தில் வெப்பநிலை அசையாமல் இருக்கவே இருக்காது. என் வீட்டையும் நினைத்துப் பார்த்தேன். மைசூரில் எவ்வளவு வெயில் அடித்தாலும் விடியற்காலை நாலு மணிக்குப் போர்வையைத் தேடுகிறோம். இரவும் பகலும் ஒரே சூடாக ஒரு வீடு எப்படி இருக்கும்?

விதியை எழுதிக் கொடுத்தேன். இருபத்துநாலு மணி நேரத்தில் ஒரு டிகிரிக்கு மேல் அசையாத கோடு என்றால் கருவிக் கோளாறு. அலர்ட்டை மூடி, பேட்டரி மாற்றும் பட்டியலுக்குத் தள்ளிவிட வேண்டும். பேட்டரி மாற்ற ஆள் போக மூன்று நான்கு வாரம் ஆகும். பரவாயில்லை என்று எல்லோரும் நினைத்தோம். நகராட்சியும் ஒப்புக்கொண்டது. விதியைத் தாளில் படித்த யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை.

பொய் அலர்ட்டுகள் பாதியாகக் குறைந்தன. அன்னா நன்றி எழுதினார். எங்கள் மேனேஜர் ரங்கநாதன் சார் கேன்டீன் சுவரில் என் போட்டோவை ஒட்டவைத்தார். நான் அதை என் தம்பிக்கு அனுப்பிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

3. மூடிய அலர்ட்

இரண்டாவது கோடை. அங்கே ஆறு நாளாக வெயில் விடவில்லை. நான் பகல் ஷிப்ட். மதியம் இரண்டரை மணி, அங்கே காலை பதினொன்று. ஒரு வீட்டிலிருந்து அலர்ட் வந்தது. நான்காவது மாடி, எழுபத்தொன்பது வயது ஆண், தனியாக இருப்பவர். 33.4. வரைபடத்தை விரித்தேன். நேற்றுக் காலையிலிருந்து கோடு முப்பத்துமூன்றைவிட்டு நகரவே இல்லை.

விதிப்படி கணினியே அதைக் கோளாறு என்று மஞ்சளாக்கியிருந்தது. மனிதர் ஒருவர் உறுதி செய்தால் போதும். நான் உறுதி செய்தேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. பிறகு டீ குடிக்கப் போனேன்.

இரண்டு நாள் கழித்து அன்னாவிடமிருந்து மெயில் வந்தது. அவர் எப்போதும் நீளமாக எழுதுவார். இது சின்ன மெயில். அந்த வீட்டில் இருந்தவர் இறந்துவிட்டார். கீழ் வீட்டு அம்மா சந்தேகப்பட்டுப் போலீசைக் கூப்பிட்டிருக்கிறார். விஷயம் அறிந்து அன்னா காலை ஆறு மணிக்கு அங்கே போனார். தெருவில் காற்று குளிர்ந்திருந்ததாம். வீட்டுக்குள் சுவரில் கை வைத்தால் இன்னும் சூடு தெரிந்ததாம். ஆறு நாள் வெயிலையும் அந்தக் கல் சுவர் குடித்துவைத்து, ராத்திரியெல்லாம் உள்ளே கக்கியிருக்கிறது. தெருவில் டிராம் சத்தம் என்று அந்தப் பெரியவர் ஜன்னலையும் சாத்தியே வைத்திருந்தார். முப்பது வருடம் டிராம் ஓட்டிய மனிதர் அவர். சென்சாரில் பழுது இல்லை. பேட்டரியும் நன்றாகத்தான் இருந்தது.

மெயிலின் கடைசியில் அன்னா இன்னொன்று எழுதியிருந்தார். இறப்பதற்கு முந்தின நாள், கீழ் வீட்டு அம்மா மேலே போய், டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் என்றாராம். சுவரில் இருந்த பெட்டியைக் காட்டி, "அது சொல்லியிருக்கும், அவர்கள் வருவார்கள்" என்றாராம்.

அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. மானிட்டரை அணைத்துவிட்டு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லையே என்பது மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

4. அறிக்கை

மரணம் நடந்தால் காரண அறிக்கை கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இருக்கிறது. அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். ரங்கநாதன் சார் என்னை உள்ளே கூப்பிட்டார். அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்தவர், அதிர்ந்து பேசமாட்டார். நானும் தமிழ் என்பதால் தனியாக இருக்கும்போது தமிழில் பேசுவார், நடுநடுவே கன்னடம் வரும்.

"நோடி ஈஸ்வரி, நீங்க தப்பா ஒண்ணும் பண்ணலை. விதி இருந்தது, கஸ்டமர் அப்ரூவ் பண்ணியிருக்கா. கருவியோட நிலைமை சந்தேகத்துக்கு இடமா இருந்ததுன்னு எழுதுங்கோ. பொய்யில்லையே அது."

பொய் இல்லைதான். அந்த நேரத்தில் எனக்கு அப்படித்தான் சந்தேகம் வந்தது. அவர் கெட்ட மனிதரும் இல்லை. இந்த டெஸ்க்கை நம்பி நாற்பது குடும்பம் இருக்கிறது, ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் இது என்றார். அதுவும் உண்மை. நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வந்து உட்கார்ந்து, அவர் சொன்னதுபோலவே எழுதி முடித்தேன். அனுப்பவில்லை, அவ்வளவுதான். இதை மறைக்க நான் விரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். தம்பி செல்வம் பட்டுப்புழு வளர்க்கிறான். புது ஷெட், கான்கிரீட் கூரை, உள்ளே டிஜிட்டல் மீட்டர். மானியத்தில் வந்த மீட்டர், அது அவனுடைய போனுக்கே எண் அனுப்பும். மதிய வெயிலில் வாசலில் ஈரச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தான். அதற்குள் மூன்று தடவை உள்ளே போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தான். மீட்டர்தான் போனில் சொல்கிறதே, பிறகு எதற்கு அலைகிறாய் என்று கேட்டேன்.

"மீட்டரு அது பாட்டுக்குச் சொல்லட்டுங்க்கா. போன கோடையில அது ஒரே நம்பர்லயே நின்னுச்சு. கெட்டுப்போச்சாட்ட இருக்குதுன்னு நானும் கண்டுக்காம உட்டுப்போட்டேன். கெடவே இல்லைங்க்கா. கான்கிரீட்டு சூடு எறங்கவே இல்லை, ஒரு தட்டுப் புழு மொத்தமும் போச்சு. இப்பல்லாம் நானே உள்ள போயி நின்னு கேக்கறது. தழை கடிக்கற சத்தம் வந்தாத்தான் மனசு ஆறும்."

உள்ளே போய் நின்றேன். மழை தூறுவதுபோல அந்தச் சத்தம் கேட்டது. என் தம்பி புழுவுக்காக உள்ளே போய் நிற்கிறான். நான் ஒரு மனிதருக்காக அரை நிமிடம் கொடுக்கவில்லை. சாப்பிடக்கூட நிற்காமல் கொள்ளேகால் வந்து மைசூர் பஸ் பிடித்தேன்.

பஸ்ஸில் வரும்போது கணக்குத் தெளிவாகிவிட்டது. கருவிமேல் சந்தேகம் என்று நான் எழுதினால் விதி அப்படியே இருக்கும். விதி இருந்தால், சுவர் சூடேறி நிற்கும் ஒவ்வொரு வீட்டையும் நாங்கள் கோளாறு என்று மூடிக்கொண்டே போவோம். எவை மிக ஆபத்தான வீடுகளோ, அவற்றைத்தான் என் விதி தேடிப் பிடித்துப் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தது. வியாழக்கிழமை அங்கே வெயில் திரும்புகிறது என்று வானிலை அறிவிப்பு வந்துவிட்டது. அந்த விதியால் மூடிய வீடுகள் இன்னும் நாற்பத்தொன்று இருந்தன. நாற்பத்தொன்றிலும் தனியாக ஒருவர் இருக்கிறார்.

திங்கட்கிழமை காலை புதிதாக எழுதினேன். காரணம்: கருவி சரி. விதி தவறு. விதியை எழுதியவரும் அலர்ட்டை மூடியவரும் நான். மூடிய நாற்பத்தொரு வீடுகளையும் இன்றே திறக்க வேண்டும். மொத்தம் ஆறு வரி. ரங்கநாதன் சாரிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்பினேன். அவர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது போனா உங்களை நான் காப்பாத்த முடியாது."

"தெரியும் சார். அந்த நாப்பத்தியொரு பேருக்கும் வேற யாரும் இல்லைங்க சார்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அனுப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு இன்றும் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தம் போகவில்லை. என் ஷிப்ட் லீட் பதவி போயிற்று. போட்டோவையும் யாரோ எடுத்துவிட்டார்கள். என்னைப் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றினார்கள், அது தண்டனையா என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நகராட்சி விதியைத் தலைகீழாக்கியது. இப்போது அசையாத கோடுதான் எல்லாவற்றிலும் அவசரமான அலர்ட். அந்தக் கோடுகளைச் சேர்த்துப் பார்த்து, எந்தெந்தக் கட்டடம் சூட்டை விடாமல் பிடித்துவைத்திருக்கிறது என்று ஒரு வரைபடமே போட்டார்கள். எந்தக் கூரைக்கு முதலில் வெள்ளை பூசுவது, எந்த ஜன்னலுக்கு வெளிமறைப்பு, எந்தத் தெருவில் மரம் என்று அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். நல்ல கருவி, நல்ல வேலை. ஒருவர் உயிரைக் கொடுத்துத்தான் அதை இப்படிப் படிக்கக் கற்றுக்கொண்டோம் என்பதை நான் சேர்த்துச் சொல்லாமல் இருக்க முடியாது.

5. படிக்கட்டு

வியாழக்கிழமை வெயில் சொன்னபடி வந்தது. அன்று வரை நான் டெஸ்க்கில் இருந்தேன். எந்த அலர்ட்டையும் மூடுவதற்கு முன் அந்த வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும் என்று புது நடைமுறை. எங்கள் டெஸ்க்கில் அந்த ஊர் மொழி படித்தவள் சுமா. மண்டியா பெண், குரல் சின்னது. அவள் பேசுவாள், நான் இன்னொரு ஹெட்செட்டில் கேட்பேன், நடுநடுவே மைக்கை அணைத்து எனக்குக் கன்னடத்தில் சொல்வாள்.

பதினொரு வீடு முடிந்தது. எல்லோரும் எடுத்தார்கள். இரண்டு பேர் திட்டினார்கள். பன்னிரண்டாவது வீட்டில் ஒரு மூதாட்டி, ஐந்தாவது மாடி, கோடு முப்பத்துநாலில் நிற்கிறது. நன்றாக இருக்கிறேன், கொஞ்சம் தூக்கமாக வருகிறது என்றார். தண்ணீர் குடித்தீர்களா என்று சுமா கேட்டாள். நன்றாக இருக்கிறேன், கொஞ்சம் தூக்கமாக வருகிறது என்றார். இன்று என்ன கிழமை என்று கேட்டாள். அதற்கும் அதே பதில்தான்.

சுமா மைக்கை அணைத்து என்னைப் பார்த்தாள். நான் அன்னாவின் லைனைப் பிடித்தேன். ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டு, பக்கத்துத் தெருவில் இருப்பதால் தானும் ஓடிவருவதாகச் சொன்னார். அதுவரை அவரைத் தூங்கவிடாதீர்கள், அந்த அறையைவிட்டு வெளியே கொண்டுவாருங்கள், படி இறங்க மட்டும் விடாதீர்கள் என்றார். அந்தப் பழைய கட்டடங்களில் படிக்கட்டு வெயில் படாத பக்கம் இருக்கும், குளிர்ந்திருக்கும்.

சுமா சொல்லச் சொல்ல அவர் எழுந்தார். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ஊன்றுகோல் தரையில் தட்டியது, நின்றது, மறுபடி தட்டியது. பூட்டுத் திறக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு அவர் குரல் எதிரொலித்தது, படிக்கட்டுக்கு வந்துவிட்டார் என்று புரிந்தது. சுவரோரம் உட்காருங்கள், கதவு திறந்தே இருக்கட்டும், என்னோடு பேசிக்கொண்டே இருங்கள் என்றாள் சுமா. என்ன பேசுவது என்று தெரியாமல், காலையில் என்ன சமைத்தேன் என்று தன் வீட்டுக் கதையையெல்லாம் சொன்னாள். நடுவில் அவர் ஏதோ கேட்டார், முதல்முறையாக ஒரு புதிய வாக்கியம். சுமா என் பக்கம் திரும்பி, "இதே கட்டடத்துல எந்த மாடியிலிருந்து பேசறேன்னு கேக்கறாங்க, மேடம்" என்று கன்னடத்தில் சொன்னாள். உண்மையைச் சொல் என்றேன். இந்தியாவில் மைசூர் என்ற ஊரிலிருந்து என்று அவள் சொன்னாள். அங்கேயும் இப்படித்தான் சுடுகிறதா என்று கேட்டார்.

சற்று நேரத்தில் கீழேயிருந்து செருப்புச் சத்தம் மெல்லக் கேட்டது. ஒவ்வொரு மாடியாக ஏறி வந்தது. மூச்சு வாங்க அன்னாவின் குரல் கேட்டதும் சுமா ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அவர் பிழைத்துக்கொண்டார். நான்கு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார்.

பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். திரையில் தெரிவது வீட்டின் சூடு மட்டும், வீட்டில் இருப்பவரின் நிலை இல்லை. உங்கள் உடம்புக்குப் பழகிய வெயிலை வைத்து இன்னொருவர் வீட்டை அளக்காதீர்கள். எந்த அலர்ட்டையும் மூடுவதற்கு முன் அந்த வீட்டில் ஒரு குரலையாவது கேட்டுவிடுங்கள். ஒரு போனுக்கு இரண்டு நிமிடம் ஆகும்.

அந்த டிராம் டிரைவருக்கு நான் போன் செய்யவில்லை. செய்திருந்தால் எடுத்திருப்பார். காலை பதினொரு மணி, அவர் வீட்டில்தான் இருந்தார்.